ஆற்றுத் துறை வரை தவணை

கதை எழுதத் துணிந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். போடியில் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்ததைத் தவிர எனக்கு எழுத்தில் பழக்கமில்லை. வாசிப்பவர்கள் பிழை பொறுத்து, நடந்ததை மட்டும் கேட்டருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

1894ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு ருஷிய துரை சின்னமனூருக்கு வந்திருந்தார். கருங்கடல் கரையில், பத்தூம் என்னும் ஊரில் புதிதாய்ப் போட்ட தேயிலைத் தோட்டத்துக்கு, மலைவேலை பழகிய குடும்பங்களை அழைத்துப்போவது அவர் நோக்கம். அங்கே பிழைத்துக்கொள்ளும் அளவு ருஷிய பாஷையை அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் கற்பித்தேன். நானும் அவர்களோடு கப்பலேற ஒப்பியிருந்தேன்.

கற்றவர்களில் செலின் என்பவரே முதன்மையானவர். கத்தோலிக்கக் குடும்பம், கணவர் பங்கிராஸ், மகள் ஞானசெல்வி. ரொட்டிக்கு ஹ்லேப், தண்ணீருக்கு வதா, வலிக்கிறது என்பதற்கு பலீத். சொன்னவுடன் செலின் பிடித்துக்கொள்வார். பங்கிராஸோ வதாவையே மறந்துவிடுவார்.

"தண்ணி கேக்கத் தெரியாமச் செத்துராதீக. நான் கேட்டு வாங்கித் தாரேன்" என்று செலின் சிரிப்பார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் துரை பரீட்சை வைத்தார். துறைமுகத்தில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து நிறுத்துவார்கள். அதிகாரி கணவன் பெயரைக் கேட்பான். மனைவி தன் வாயாலேயே சொல்லவேண்டும். சொல்லாதவளை வந்த கப்பலிலேயே திருப்பிவிடுவார்கள். ஆகையால் இங்கே சொல்லாதவளுக்கு வண்டியில் இடமில்லை என்றார்.

அக்கம்மாள் என்பவர் சேலையால் முகத்தை மூடிக்கொண்டு, "முத்துவீரன்" என்று சொல்லிவிட்டார்.

செலின் வாய் திறக்கவில்லை. கார்த்திகையில்தான் பங்கிராஸ் விஷக்காய்ச்சலிலிருந்து பிழைத்து எழுந்திருந்தார். பெயரைச் சொன்னால் கணவனின் ஆயுள் குறையும் என்று நம்புகிறவருக்கு அது சிறிய காரியமன்று. ஜெபத்தில்கூட அப்பெயருள்ள புனிதராகிய அர்ச்சியசிஷ்டவரை "எங்க வீட்டுச் சாமி" என்றே அவர் சொல்லுவார்.

"ஞானசெல்வி அப்பாரு" என்றார் கடைசியில். துரை மறுத்தார்.

"சொல்லு புள்ள. நாந்தான சொல்லச் சொல்றேன்" என்றார் பங்கிராஸ்.

"நீங்க சொல்லச் சொல்லுவீக. போறது ஒங்க உசுருதான."

"நானுந்தான்டி சொன்னேன்" என்றார் அக்கம்மாள். "எங்க ஆளு செத்தா போனாக? சொல்லி முடிக்கல, பசிக்குதுங்கிறாக."

எல்லோரும் சிரித்தார்கள். செலின் சிரிக்கவில்லை. துரையை நோக்கி ஹ்லேப், வதா, பலீத் என்று கற்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அந்த ஒரு பெயருக்கு ஈடாக இவற்றை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் இருந்தது. துரை சற்று இளகி ஒரு தவணை கொடுத்தார். மறுநாள் வண்டிகள் ஆற்றுத் துறையைத் தாண்டுவதற்குள் சொன்னால் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். பங்கிராஸ் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டபடியால் அவருக்கு நிற்க வழியில்லை.

விடிந்ததும் வண்டிகள் நகர்ந்தன. செலின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வண்டியோடு நடந்தார். பங்கிராஸ் குனிந்து, "இன்னும் நேரமிருக்கு" என்றார். செலின் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார். துறைச் சரிவில் மாடுகள் ஓட்டமெடுத்தன, அவர் பின்தங்கினார். "அவ மொகத்தப் பாத்தா இறங்கிருவேன்" என்று பங்கிராஸ் சாக்குப் படுதாவை இழுத்துவிட்டார்.

துரையின் வண்டி வெகுமுன்னால் போய்விட்டது. எங்கள் வண்டிச் சக்கரங்கள் தண்ணீரில் இறங்கின. வழியனுப்ப வந்த பெண்கள் "ஏங்க", "இந்தாங்க" என்று பின்னால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனைக்கும் மேலாக, கம்மிப்போன ஒரு குரல், "பங்கிராஸ், பங்கிராஸ்" என்று கூவியது.

"உங்களையல்லவா?" என்று கேட்டேன்.

"என்னைய இல்ல வாத்தியாரய்யா. பின்வண்டியில இன்னொரு பங்கிராஸ் இருக்கான். அவன் ஆத்தா கூப்புடுது. எங்க வீட்டுல எம்பேரச் சொல்ல மாட்டாக."

அவர் படுதாவை விலக்கவில்லை. அந்தக் குரலில் தம் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மாடுகள் அக்கரை ஏறின.

இடுப்பளவு தண்ணீரில் நின்று கூப்பிட்டவர் செலின் என்பதை, நான் ஊர் திரும்பிய பின்பு அவரே சொல்லி அறிந்தேன்.

இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பங்கிராஸ் முதல் பனிக்காலத்திலேயே பத்தூம் ஆஸ்பத்திரியில் காய்ச்சலால் இறந்தார். தண்ணீரைத் தமிழிலேயே கேட்டாராம். ஞானசெல்விக்குத் தகப்பன் முகம் நினைவில்லை. செலின் கணவரை இழந்தார். தாம் பெயர் சொன்னதே காரணம் என்று நம்புவதால் மன நிம்மதியையும் இழந்தார். கற்ற ருஷியச் சொற்களில் ஒன்றும் இப்போது அவருக்கு நினைவில்லை.