நிறுத்தத் தெரிந்த கருவி

ஜெயந்த் அந்த இன்சுலின் பம்ப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கவே வேண்டாம். வீட்டுச் சத்தத்துக்கு நடுவே அதன் அலாரம் கேட்கிறதா என்று பார்க்கத்தான் அலுவலகத்தில் சொல்லிவிட்டு எடுத்து வந்தான். உடம்பில் செருகிய சென்சார் சர்க்கரை அளவைச் சொல்ல, அதற்கேற்ப இந்தக் கருவி தானே மருந்தைச் செலுத்தும். மகர்பட்டாவிலிருந்த அவன் கம்பெனி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக அதன் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தது.

சுஷ்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தேஜுவுக்குப் போட்டுடலாமா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மகள் தேஜஸ்வினிக்கு மூன்று வயது. நடக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. ஊசி போடவேண்டிய குழந்தையைப் பார்த்துக்கொள்ள எந்தப் பாலர் பள்ளியும் சம்மதிக்காததால் சுஷ்மா வங்கி வேலையை விட்டாள். விரலைக் குத்தி ரத்தம் பார்ப்பது, ஊசி போடுவது, ராத்திரி எழுந்து மறுபடி குத்திப் பார்ப்பது எல்லாம் அவள்தான். விடியும்வரை சேர்ந்தாற்போல் தூங்கினால் எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"இது பெரியவாளுக்குப் பண்ணினது, சுஷ்மா. இதால போட முடிஞ்ச சின்ன அளவே அவளுக்கு ஜாஸ்தி. சென்சாரும் கொஞ்சம் லேட்டாத்தான் சொல்லும். உள்ள போன மருந்தைத் திருப்பி எடுக்க முடியாது."

"நான் மட்டும் என்ன, குத்துமதிப்பாத்தானே போடறேன்?"

"நீ அவளைப் பார்த்துண்டே இருக்கே."

"அதான் முடியலைங்கறேன். பார்த்துண்டே இருக்க என்னால முடியலை."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஒரு பையை மாட்டிக்கொண்டாள். "தளேகாவ்ல லலிதாக்கா வீட்டுக்குப் போறேன். அங்க போய்த் தூங்கணும். சாயங்காலம் வந்துடுவேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

ஜெயந்த் பயப்படவில்லை. இன்சுலின் உடம்பில் எப்படி வேலை செய்யும் என்பதைக் கணக்காக எழுதுவதுதான் அவன் பிழைப்பு. மதியம் சாதத்தை அளந்து, அதற்கான ஊசியைப் போட்டுவிட்டு, பருப்பு விட்டு வரண்-பாத் பிசைந்து ஊட்ட உட்கார்ந்தான். தேஜு இரண்டு வாய் வாங்கினாள்.

"நக்கோ." வேண்டாமென்று தலையாட்டினாள்.

"இன்னும் ஒரு வாய் கண்ணா. காக்கா பாரு."

"நக்கோ அப்பா!" தட்டைத் தள்ளிவிட்டு ஓடினாள். கெஞ்சினான், மிரட்டினான், பொம்மையைக் காட்டினான். வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே சோபாவில் சாய்ந்து சத்தமில்லாமல் இருந்தாள். தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று நிம்மதியாகப் போர்வையை எடுத்துவந்தான். போர்த்தும்போது கழுத்தில் கை பட்டது. சில்லென்று வியர்த்திருந்தது.

விரலைக் குத்திப் பார்த்தான். சாப்பாடு போகாமல் மருந்து மட்டும் வேலை செய்ததில் சர்க்கரை ஏகத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினான். பாதி வெளியே வழிந்தது. "முழுங்குடா, முழுங்கு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். ஒருவழியாக அவள் கண்ணைத் திறந்து, பிசுபிசுத்த தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டதும் அவனுக்கும் கண்ணில் நீர் வந்தது.

சுஷ்மா சாயங்காலம் முகம் தெளிந்து திரும்பினாள். அவன் ஒன்று விடாமல் சொன்னான். "இது வாரத்துல ரெண்டு தடவையாவது நடக்கறது" என்றாள் அவள். குற்றம் சொல்லும் குரலாக இல்லை.

மறுநாள் அவன் மேலதிகாரி ராம்பிரசாதிடம் போனான். "சார், மருந்தை ஏத்தறதுக்கு மட்டும்தான் நாம இதுக்குக் கத்துக்கொடுத்திருக்கோம். சர்க்கரை இறங்கறதுன்னு தெரிஞ்சா மருந்தை நிறுத்தணும். சின்னக் குழந்தைகளுக்கு அது ஒண்ணு பண்ணினாலே பெரிய விஷயம்."

ராம்பிரசாத் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "நீ சொல்றது சரி. ஆனா குழந்தைகளை வெச்சு சோதனை பண்ண அனுமதி சுலபத்துல கிடைக்காதுப்பா. எழுதிக் குடு, அனுப்பிப் பார்ப்போம்."

வழக்கமான வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதினான். மாதக்கணக்கில் இழுத்தது. எப்போது நிறுத்துவது, மறுபடி எப்போது தொடங்குவது, சென்சார் தப்பாகச் சொன்னால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக. பல தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அந்த நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது, பெரியவர்களுக்கு மட்டும். சிறு குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையைத் திரையில் காட்டும் வேலையும் அவனுக்கே வந்தது. அதையும் செய்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"அப்போ தேஜுவுக்குக் கிடையாதா?" என்றாள் சுஷ்மா.

"இப்போதைக்கு இல்லை. எப்போன்னும் தெரியாது."

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "வேற யாராவது தூங்குவாளா, இதைப் போட்டுண்டு?"

"பயமில்லாம தூங்குவா."

"சரி, தூங்கட்டும்." கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். "நாளைக்கு சனிக்கிழமை. நீ பார்த்துக்கோ. சாப்பிட்டப்புறம் ஊசியைப் போடு, அதுக்கு முன்னால போடாதே."

"தெரியும்" என்றான் அவன்.