பெயர்க் கட்டம் காலியான வரிசைகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அலுவலக உணவறையில். பக்கத்து மேசைக்காரன் சொன்னான். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா என்னை நல்லவனா காட்டிடாத."

2

முதல் தொடக்கம்: 'மாமா காணாமல்போன அன்று மழை விடாமல்...'

[மழை பெய்யவில்லை. கனமாக இருக்கட்டும் என்று நானாகப் பெய்யவைத்தது. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம், வறண்டது: அவனுடைய அக்காவின் கணவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பவில்லை. சில மாதங்களாக நினைவு தப்பிக்கொண்டிருந்த மனிதர். பர்ஸும் கைபேசியும் மேசைமேல் இருந்தன.

போலீஸில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அக்கா ஆஸ்பத்திரிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். தம்பி தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். முப்பத்தொரு ஆஸ்பத்திரிகள், விபத்துப் பிரிவில் இருப்பவர்களின் பட்டியலைத் தினமும் இணையத்தில் போட்டன. பைத்தானில் நாற்பது வரி நிரல் எழுதினான். அது காலை ஆறு மணிக்கு எல்லாப் பக்கங்களையும் திறந்து, ஒரு பிரதியைச் சேமித்து, அட்டவணைகளை மட்டும் உருவி, ஒரே தாளில் அடுக்கும். மாமாவின் பெயரோ வயதோ ஒத்துப்போனால் காட்டும்.

3

"இன்னைக்கு என்னடா சொல்லுது?"

"ஒண்ணும் இல்லக்கா."

"சரியாத்தான் தேடுதா? நான் இன்னும் ரெண்டு எடம் நேர்ல போயிட்டு வந்துடுறேன்."

"நீ நாள் முழுக்க அலைஞ்சா நாலு ஆஸ்பத்திரி. இது ஒரு நிமிஷத்துல முப்பத்தொண்ணு பாக்குது. பேசாம வீட்ல இரு."

"அதுக்கு மூட்டு வலி இல்ல, பாக்கும்" என்றாள் அக்கா. மறுநாளிலிருந்து போவதை நிறுத்திவிட்டாள்.

[கடைசி வாக்கியத்தை மூன்று முறை திருத்தினேன். அவள் நிறுத்தினாளா, அவன் நிறுத்தவைத்தானா?]

4

பத்தொன்பதாம் நாள் ஒரு பக்கம் திறக்கவில்லை. கோளாறு எங்கே என்று நிரலை மேலிருந்து வாசித்தவன் பதினேழாவது வரியில் நின்றான்.

பெயர்க் கட்டம் காலியாக உள்ள வரிசைகளை நீக்கு.

இணையத்திலிருந்து உருவும்போது இடைத்தலைப்புகளும் வெற்றுக் கோடுகளும்கூட வரிசைகளாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றைக் கழிக்க எல்லோரும் எழுதும் வரிதான். கை தானாக எழுதிவிடும்.*

தன் பெயரைச் சொல்லத் தெரியாதவரை ஆஸ்பத்திரி எப்படிப் பதியும்? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுத்தான்.

வரியை எடுத்துவிட்டு, சேமித்த பழைய பக்கங்களை மறுபடி ஓட்டினான். மூன்றாம் நாள்: பெயர் இல்லை. ஆண். வயது சுமார் 65. வலது புருவத்தில் பழைய தழும்பு. அது மாமாவின் தழும்பு. பதினோராம் நாள்வரை அந்த வரிசை இருந்தது. பன்னிரண்டாம் நாள் இல்லை.

அக்கா போவதை நிறுத்தியபோது அவள் தாளில் அடுத்ததாக இருந்தது அதே ஆஸ்பத்திரிதான்.

* நானும் எழுதியிருக்கிறேன், பலமுறை. எதைக் கழித்தேன் என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

5

அந்த ஆஸ்பத்திரியில் தொலைபேசியை எடுத்த பெண் சொன்னாள்: "பழைய ரெஜிஸ்டர் பாக்கணும் சார். சொந்தக்காரங்க நேர்ல வாங்க. வேற எடத்துக்கு அனுப்பியிருக்கலாம், இல்லன்னா..."

[முதல் வரைவில் அவளை முழுதாகச் சொல்லவைத்திருந்தேன்.]

தகவல் கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லி அக்காவைக் காரில் ஏற்றினான். பாதி வழியில் அவள் கேட்டாள், எப்போது வந்த தகவல் என்று. உணவறையில் அவன் நிறுத்தியது இங்கேதான். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

முடிவு அ: "இன்னைக்குத்தான்கா." ஒரு வகையில் பொய் இல்லை.

முடிவு ஆ: "ஒம்பது நாள் அந்தப் பக்கத்துலயே இருந்துச்சுக்கா. நான்தான்..." [இதற்கு அக்கா என்ன சொல்வாள் என்று எழுதிப் பார்த்தேன். எழுதியது எதுவும் அவள் பேச்சாக இல்லை.]

முடிவு இ: மாமா வேறொரு வார்டில், ஜன்னலோரம் உட்கார்ந்து... [இது எனக்காக எழுதியது. விட்டுவிடுகிறேன்.]

இதற்குமேல் என்னால் ஆகாது. நீங்கள் வந்து அவன் இருக்கையில் உட்காருங்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு இன்னும் இரண்டு சிக்னல். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது. அக்கா ரோட்டைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறாள்.

"கேக்குறேன்ல, எப்படா வந்துச்சு?"