மூன்றாவது விடைக்கு ஒரு ஏன்

1

மருத்துவமனைக்கு ஒருவரைப் பார்க்கப் போனவன் வழி தவறிக் கீழ்த்தளத்தில் இறங்கிவிட்டேன். பாய்லர் அறை வாசலில் ஒரு பெண் புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தாள். பேச்சுக் கொடுத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும், கதை கிடைத்திருக்காது. ஆகவே மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'கொதிகலன் என்பது மனித மனத்தின்...'

(அடித்துவிட்டேன். பாய்லர் பாய்லர்தான்.)

இரண்டாவது: பாய்லர் உதவியாளரான அவள் அதை இயக்குவதற்கான சான்றிதழ்த் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தாள். விடைகளை வரிசை எண்ணோடு மனப்பாடம் செய்திருந்தாள். வினாத்தாளில் வரிசையை மாற்றிவிட்டார்கள். இது கடைசி வாய்ப்பு, தவறினால் வேலையும் போய்விடும்.

(இது இருக்கட்டும்.)

3

வீட்டில் அவளைக் கேள்வி கேட்பவள் தங்கை. (முதலில் ஒரு பேராசிரியரை வைத்திருந்தேன். வாயைத் திறந்தாலே உபதேசம், அனுப்பிவிட்டேன்.) "பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியாவிட்டால்..." என்று தங்கை தொடங்குவதற்குள் பதில் வந்துவிட்டது.

"மூணாவது. தீயை அணைக்கணும், தண்ணி விடக்கூடாது."

"தண்ணி இல்லேன்னா தண்ணிதானேக்கா விடணும்? ஏன் கூடாது?"

புத்தகத்தையே தலைகீழாக ஒப்பிப்பவள் விடைகளை மட்டும்தான் படித்திருந்தாள், காரணங்களை அல்ல. உனக்கெதற்கு அதெல்லாம் என்று எரிந்து விழுந்தாள்.

4

அன்று மாலை அடுப்பில் வைத்த பாத்திரம் வற்றிக் கருகியது. (வசதியான தற்செயல்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.) தங்கை ஓடிவந்து தண்ணீரைச் சாய்க்கப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தி அடுப்பை அணைத்தாள்.

"பழுக்கக் காஞ்சிருக்குடி. இப்ப ஊத்தினா அத்தனையும் ஒரே நொடியில ஆவியாகி..."

பாதியில் நின்றாள். பாத்திரம் திறந்து கிடக்கிறது. நாலாபுறமும் மூடிய பாய்லரில் அந்த ஆவி எங்கே போகும்? இத்தனை நாள் எந்தத் தைரியத்தில் அதன் பக்கத்தில் நின்றோம் என்று நினைத்தபடியே புத்தகத்தை எடுத்தாள்.

5

பிறகு ஒவ்வொரு விடைக்கும் ஏன் என்று கேட்டுக் கேட்டுப் படித்தாள். தேர்வில் அதுவே வினையாயிற்று. முன்பெல்லாம் பாதி நேரத்தில் எழுந்துவிடுபவள், இம்முறை யோசித்து யோசித்து எழுதியதில் கடைசிப் பக்கத்தைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

முடிவு ஒன்று: தேறினாள்.

முடிவு இரண்டு: ஒரே ஒரு மதிப்பெண்ணில்...

என்னால் ஆகாது. அவள் எனக்கு வேண்டியவளாகிவிட்டாள், நான் போட்டால் நியாயமாக இருக்காது. மதிப்பெண்ணை நீங்களே போடுங்கள்.

அதற்கு முன் ஒன்று. அந்த மருத்துவமனையில் நீங்கள் படுத்திருக்கிறீர்கள். பாய்லர் உங்கள் கட்டிலுக்கு நேர் கீழே இருக்கிறது, அதன் பக்கத்தில் அவள் நிற்கிறாள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியவில்லை.