பாரத்தில் எழுதிய பதில்

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே தாதி நிரப்ப வேண்டிய ஒரு பாரத்தை நீட்டினாள். உடம்பில் இரும்பு உண்டா, இதயத்தில் கருவி உண்டா என்ற கேள்விகளை இரண்டிரண்டு முறை படித்துவிட்டுத்தான் தங்கராஜு பதில் எழுதினார். மூன்று வாரங்களுக்கு முன் இதே மருத்துவமனையில் நிரப்பிய பாரத்தையும் அவர் படிக்காமல் இல்லை. படித்துவிட்டுத்தான் பொய் எழுதினார்.

கூலாய் நகருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அவர் மேற்பார்வையாளர். இடது சிறுநீரகத்தில் இருந்த கல்லை அதிர்வலை கொடுத்து உடைப்பதாக ஏற்பாடு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று பாரத்தில் இருந்தது. நெஞ்சு வலிக்காக அதை எட்டு மாதமாகச் சாப்பிட்டுவந்தார். மனைவி மலருக்குக்கூடத் தெரியாது. எழுதினால் சிகிச்சை தள்ளிப்போகும், மலர் ஏன் என்று கேட்பாள். 'இல்லை' என்று எழுதிவிட்டார்.

கல் உடைந்தது. மறுநாள் விலாவில் தாங்க முடியாத வலி. சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது. சிகிச்சை கொடுத்த டாக்டர் மெலிசாவை மலர் வார்டிலேயே நிறுத்தி வைத்து, "எங்க வீட்டு ஆள வச்சுத்தான் பழகிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கராஜு கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். பிறகு மலர் எழுதிய புகார்க் கடிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

இன்று டாக்டர் மெலிசா எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினியில் காட்டினாள். ரத்தக் கட்டு பாதியாகக் கரைந்திருந்தது. சிறுநீரகத்தின் வெளிப்பகுதிக்கும் உட்பகுதிக்கும் நடுவில் தெளிவாகத் தெரிய வேண்டிய எல்லை ஓரிடத்தில் மட்டும் மங்கிக் கிடந்தது. சரியாகிவிடும் என்றாள். பிறகு தயங்கி, "அதிர்வலையோட பவரைக் கூட்டி வச்சுட்டேனோன்னு தினமும் அன்னிக்கு ரிப்போர்ட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன் அங்கிள். சாரி" என்றாள்.

மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரின் அந்த 'சாரி' தங்கராஜுவை உட்காரவிடவில்லை.

"உங்க மேல தப்பு இல்ல டாக்டர். நா ஆஸ்பிரின் சாப்பிட்டேன். அன்னிக்குக் காலையிலகூட."

டாக்டரின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. எவ்வளவு, எதற்காக, இப்போதும் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டாள். வலி வந்த அன்றே பயந்துபோய் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். இதய மருத்துவரை உடனே பார்க்கும்படி கடிதம் எழுதிக் கொடுத்தாள். திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

வெளியே மலர் வேகமாக முன்னால் நடந்தாள். லிஃப்ட் அருகில் நின்று, அவரைப் பார்க்காமலே கேட்டாள். "நெஞ்சு வலின்னு என்கிட்ட சொல்ல முடியல. அந்தப் புள்ளைய நா அத்தன பேச்சு பேசுனப்பவாவது சொல்லிருக்கலாம்ல?"

லிஃப்ட் வந்து திறந்தது. மலர் ஏறாமல் திரும்பி நடந்தாள். கவுண்டரில், டாக்டரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று சொல்லி ஒரு எண் வாங்கினாள். டாக்டர் மெலிசாவின் அறைக்கு எதிரே, நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பின்னால் வந்த தங்கராஜு நெருங்கியதும், கைப்பையை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு, எண்கள் மாறும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.