இரண்டு மாதச் சேமிப்பு

என் வீட்டுக்காரருக்கு என் மேல் ஆசை விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டாவது கருவும் கலைந்த பிறகு கூடத்தில் போய்ப் படுத்தவர், திரும்பி வரவேயில்லை. "முதுகு வலி, தரைதான் தோதா இருக்கு" என்றார். நான் என்ன பச்சைக் குழந்தையா? மாமியார் வேறு, "அவனுக்கு இன்னும் வயசிருக்கே" என்று யாரிடமோ போனில் இழுத்தார். அந்த இழுப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா?

கடைசியாக ஒரு தடவை முயற்சி செய்யலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதுவரை என்னைத்தான் குத்திக் குடைந்தார்கள். இவருக்கு எண்ணிக்கை பார்த்ததோடு சரி. இந்தத் தடவைதான் விந்தணுவின் டி.என்.ஏ.வையும் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா.

ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எண்ணிக்கை நல்லா இருக்கு, ஓட்டமும் இருக்கு. ஆனா உள்ளே டி.என்.ஏ. இழை நிறைய அறுந்திருக்கு. கரு தங்காததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். சாம்பிள் குடுக்க எத்தனை நாள் இடைவெளி விட்டீங்க?"

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு மாசம், டாக்டர். அடுத்த முயற்சிக்குன்னு ஒரு சொட்டு வீணாக்கல."

"முன்னாடி எண்ணிக்கை பார்த்தப்பவே நர்ஸ் ரெண்டு மூணு நாள்னுதானே சொன்னாங்க?"

"ரெண்டு நாள் சேத்து வெச்சாலே நல்லதுன்னா, ரெண்டு மாசம்னா இன்னும்..."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். "இது பேங்க் டெபாசிட் இல்லைங்க! ரொம்ப நாள் தேங்கிக் கிடந்தா இழை இன்னும் உடையும். இந்த ரிசல்ட்டை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. வீட்டுல எப்பவும்போல இருங்க. அப்புறம் சரியான இடைவெளியில திரும்ப எடுப்போம்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! வாசலைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

"ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா? என்னைக் கழட்டிவிடப் போறீங்கன்னு நான் சுவரைப் பார்த்து அழுதுட்டுக் கிடந்தேன்!"

அவர் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, கழட்டிவிடறதா? உன்னையா?"

"பின்னே? ஏன் சொல்லல?"

"சொன்னா, 'அதுக்கென்ன, சும்மா பக்கத்துல படுங்க'ன்னு கூப்பிடுவ." குரல் இறங்கியது. "நீ பக்கத்துல இருந்தா என்னால சும்மா இருக்க முடியாதுடி."

பஸ் வந்து நின்று, போயும்விட்டது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதேன்.