பாலம் தாண்டினால் பூஜ்யம்

பட்டாளத்துச் சமையல்காரர் அண்டா வாயைத் திறந்தால் கடுகு மலையாகும், மலை எழுந்து நடக்கும். அவர் கதையில் பெய்த பனி நிஜமாகப் பெய்திருந்தால் இன்றைக்குக் கடலெல்லாம் ஐஸ்கட்டியாகத்தான் கிடக்கும். அண்டா என்பது பட்டாளம் வைத்த பெயர். ஓய்வு பெற்று, பாதிப் பல் போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் ஒருநாள் காலையில் தங்கை வந்து, "அண்ணே, இந்த ஒரு தடவை மட்டும் நீ உண்மையைப் பேசணும்" என்றாள். அண்டாவுக்குக் குளிர்ஜுரமே வந்துவிட்டது.

விஷயம் தங்கை புருஷனைப் பற்றியது. அவரும் அதே பட்டாளத்தில் லாரி டிரைவராக இருந்தவர். பழைய ஆட்கள் கூடுகிற விழா வந்துகொண்டிருந்தது. 'மெடல் அணிந்து வரவும்' என்று அழைப்பில் அச்சடித்திருந்தார்கள். மாப்பிள்ளை கட்டிலை விட்டு இறங்க மறுத்தார். "வெறும் நெஞ்சோட போய் நிக்க, நான் என்ன ஆத்துல குளிக்கவா போறேன்?"

போர்முனை மெடலுக்கு ஒரு சட்டம் இருந்தது. முனை என்று கோடு கிழித்த இடத்துக்குள் ஒரு மாதம் விடாமல் இருந்தவனுக்கு மெடல். அடுத்த வருஷமும் போய் இருந்தால் இன்னொரு மெடல் கிடையாது. அதே ரிப்பனில் குத்திக்கொள்ள ஒரு குட்டி ஸ்டார். கோடு ஒரு மரப்பாலத்தில் முடிந்தது. அண்டா கோட்டுக்குள் இருந்த அடுப்பை விட்டு நகராத பிறவி. குண்டே விழுந்தாலும் கரண்டியை வைக்கமாட்டார். அவருக்கு மெடல் வந்தது, மறுவருஷம் ஸ்டாரும் வந்தது. மாப்பிள்ளையோ மூட்டை ஏற்றிவர வாரத்துக்கு இரண்டு தரம் பாலம் தாண்டினார். தாண்டிய அந்த நிமிஷமே அதுவரை இருந்த நாளெல்லாம் பூஜ்யம். திரும்பி வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. பரமபதத்தில் கட்டத்துக்குக் கட்டம் பாம்பை வைத்த மாதிரி. பட்டாளத்துக்கே படியளந்த லாரி, அதை ஓட்டியவனுக்கு ஒரு சாண் ரிப்பன் வாங்கித் தரவில்லை.

இப்போது சட்டம் மாறியிருந்தது. விட்டு விட்டு இருந்த நாட்களையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் லாரிப் பயணக் குறிப்புகளைக் கரையான் தின்று ஏப்பம் விட்டிருந்தது. கூட இருந்த ஒருவர் நேரில் வந்து சாட்சி சொன்னால்தான் உண்டு. அந்த முனையில் கூட இருந்தவர்களில் மிச்சம் இருந்தது அண்டாதான்.

"உன் வாய் காரியத்தைக் கெடுத்துச்சுன்னா அந்த மனுஷன் இனி எந்திரிக்கவே மாட்டாரு" என்றாள் தங்கை. "லாரி பறந்துச்சு, புலி வந்து டயர் மாத்திக் குடுத்துச்சுன்னு எதையாவது அங்க போய் அளந்தே..."

"புலி இல்லைம்மா, கரடி."

"அண்ணே!"

மாப்பிள்ளையைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துக்கொண்டு அண்டா பட்டாளத்து அலுவலகத்துக்குப் போனார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ரிப்பன் துண்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பழுப்பில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் பச்சை. அந்தத் துண்டைப் பார்த்ததுதான் தாமதம், அண்டாவின் மூக்கில் டீசலும் ஈரச் சாக்கும் மணத்தன.

"உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன், பெரியவரே" என்று சிரித்தார் மேஜைக்குப் பின்னால் இருந்த மேஜர். "லாரி எத்தனை தடவை வந்திருக்கும்?"

நாக்கு நுனியில் பத்தாயிரம் வந்து இடித்துக்கொண்டு நின்றது. அண்டா அதை எச்சிலோடு விழுங்கினார்.

"எண்ணலை சார். வாரத்துக்கு ரெண்டு தரம். பனி ஜாஸ்தியானா ஒரு தரம்."

"ராத்திரி எங்க தங்குவார்?"

"என் அடுப்புக்குப் பின்னாடிதான். சாம்பல் சூட்டுல படுத்துக்குவாரு. லாரி பாலத்துல ஏறுனா பலகையெல்லாம் தடதடங்கும், சார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் உலை வைப்பேன். ஒருநாள் சத்தம் கேக்கலை. இருந்தாலும் உலையை வச்சேன். வெறும் வெந்நீரை எல்லாருக்கும் ஊத்துனேன். ஒருத்தனும் திட்டலை. குவளையைப் பிடிச்சுக்கிட்டுப் பாலத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜரின் பேனா ஓடியது.

"அடுத்த வருஷமும் இதே மாதிரிதானா? ஆமான்னா ஸ்டாருக்கும் சேர்த்தே எழுதிடலாம்."

ஒரே ஒரு ஆமா. ஆயுசு முழுக்க அள்ளி இறைத்த பொய்களில் இத்தனை சின்னதை அண்டா கண்டதே இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் மின்விசிறியின் இறக்கைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இல்லை சார்" என்றார் அண்டா. "அந்த வருஷம் கால் உடைஞ்சு, பாலத்துக்கு அந்தப்பக்கம் ஆஸ்பத்திரியில கிடந்தாரு. கடைசி வாரம்தான் வந்தாரு."

"ஸ்டார் வேண்டாம்னு சொல்ற சாட்சியை இப்பதான் பார்க்கிறேன்" என்று சொல்லி, மேஜர் மெடலுக்குக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து தெருமுனை வரைக்கும் மாப்பிள்ளை விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அண்டா ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார்.

"கோபமா மாப்ளே?"

"பொறந்ததுலேருந்து ஒரே ஒரு தடவை உண்மை பேசியிருக்க மச்சான். அதுக்கு என் ஸ்டாருதான் கிடைச்சுதா?" என்றவர் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிர்க்கடைக்காரர் தண்ணீர்ச் செம்போடு ஓடிவருகிற அளவுக்குச் சிரித்தார்.

விழா நாள் மாப்பிள்ளை விறைத்துக்கொண்டு வந்தார். நெஞ்சில் பழுப்பு ரிப்பன். அவர் இறுமாப்பில் சட்டைப் பொத்தான்கள் தெறிக்காதது பெரிய அதிசயம். அவர் கண் நேரே அண்டாவின் நெஞ்சுக்குப் போனது. அங்கேயும் மொட்டை ரிப்பன். ஸ்டார் இருந்த இடத்தில் இரண்டு ஊசித் துளை.

"ஸ்டார் எங்க?"

"எங்கேயோ விழுந்துடுச்சு மாப்ளே."

"பொய்." மாப்பிள்ளை அண்டாவின் சட்டைப்பைக்குள் இரண்டு விரலை விட்டு அதை எடுத்தார். "எனக்குச் சோடியா நிக்கிறியாக்கும்! நான் ஏத்திட்டு வந்த உருளைக்கிழங்கை அவிச்சு அவிச்சு வாங்குன ஸ்டாரு இது. அதை மறைக்க உனக்கு யாரு உரிமை குடுத்தா? நிமிந்து நில்லு."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரே குத்திவிட்டார். ஊசி ரிப்பனைத் தாண்டி ஒரு நூலளவு உள்ளே இறங்கியது. ஈட்டியே பாய்ந்த மாதிரி அண்டா அலறினார். படம் எடுக்கிறவர் அந்த நேரம் பார்த்துத்தான் அமுக்கினார்.