பலகைக்குப் பின்னாலிருந்த அறை

கோவளத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய் இறங்கிவிடலாம் என்பதற்காகத்தான் ஃபர்சானா சதுரங்கப்பட்டினத்துப் பக்கத்திலிருந்த அந்த உதவிபெறும் பள்ளியைக் கேட்டு வாங்கினாள். பி.எட். இரண்டாம் ஆண்டு கற்பித்தல் பயிற்சி. அறிவியல் பாடம். வழிகாட்டி ஆசிரியை சாரதாம்பாள்.

சாரதாம்பாளின் குரல் பள்ளிக்கூடத்து வாசல் தாண்டித் தெருவுக்கும் கேட்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்குப் பயப்படவும் செய்தார்கள், அவர் லீவு போட்டால் ஏமாந்தும் போனார்கள். முதல் நாளே ஃபர்சானாவைக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பில் மாட்டியிருந்த பெரிய ஸ்மார்ட் போர்டைக் காட்டினார். அதன் மேல் பழைய பெட்ஷீட் ஒன்று போர்த்தியிருந்தது.

"இத எப்படிப் போடறதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். காலேஜ்ல கத்துக் குடுத்தாங்க."

"நல்லதாப் போச்சு" என்றார் சாரதாம்பாள். அந்த வார்த்தையில் இருந்த நிம்மதி ஃபர்சானாவுக்கு அன்று விளங்கவில்லை.

போர்டுக்கான கம்ப்யூட்டர் வகுப்பில் இல்லை. திருட்டுப் போய்விடும் என்று பயந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சாமான் அறையில் வைத்து, சுவரில் ஓட்டை போட்டு வயரை இழுத்திருந்தார்கள். அந்த அறையின் ஒரே ஜன்னலையும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். கிழிந்த வாலிபால் வலை, கால் உடைந்த பெஞ்சுகள், நடுவில் ஒரு மேசை, அதன் மேல் கம்ப்யூட்டர். அங்கே செய்வதெல்லாம் இங்கே போர்டில் தெரியும். போர்டை விரலால் தொட்டும் இயக்கலாம். ஆனால் அந்தப் பள்ளியில் யாரும் தொட்டதில்லை.

முதல் வாரம் செல் பற்றிய பாடத்துக்குப் படங்கள் தயார் செய்து கொடுத்தாள். அடுத்த வாரம் சாரதாம்பாளின் பெயரில் முடிக்கவேண்டிய ஆன்லைன் பயிற்சியை அவள்தான் உட்கார்ந்து முடித்தாள். அதற்கடுத்து வீடியோ பாடம், வினாடி வினா, பள்ளியின் வாட்ஸப் குழுவுக்குப் புகைப்படம். எல்லாவற்றிலும் சாரதாம்பாள் பெயர். வகுப்பெடுக்கக் கேட்டால், "எடுக்கலாம், எடுக்கலாம். மொதல்ல அந்த அடுத்த பாடத்த ரெடி பண்ணிடு" என்று பதில் வரும். ஆசிரியையாகப் போகிறவள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததைவிட அந்தத் தகரம் அடித்த ஜன்னலைப் பார்த்ததுதான் அதிகம்.

ஒருநாள் மெல்லக் கேட்டாள். "மேடம், நான் சொல்லித் தரேன். ரொம்ப ஈஸி. நீங்களே போட்டுக்கலாம்."

 சாரதாம்பாள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"மதுராந்தகத்துல ஒரு ட்ரெய்னிங் வெச்சாங்க. எனக்குப் பையன் வயசு இருக்கும் சொல்லிக் குடுத்தவனுக்கு. மவுஸ நான் தலைகீழாப் புடிச்சுட்டேன். ஹால்ல இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சான். எங்கிட்ட படிச்ச பொண்ணுங்க ரெண்டு பேர் டீச்சராகி அங்க உக்காந்திருந்தாங்க. அவங்களும் சிரிச்சாங்க. அதோட சரி. இனிமே அந்தச் சனியன நான் தொடமாட்டேன்."

அதற்கு மேல் ஃபர்சானா கேட்கவில்லை. அவருக்காக வருத்தப்பட்டாள். அந்த வருத்தமே அவளை இன்னும் இறுக்கிக் கட்டியது.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. செங்கல்பட்டிலிருந்து கலைவாணன் என்ற அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார். சாரதாம்பாளின் வீடியோக்கள் அங்கே நல்ல பெயர் வாங்கிவிட்டனவாம். அவர் போர்டில் பாடம் நடத்துவதை நேரில் பார்க்கவேண்டுமாம்.

"நீ சாமான் ரூம்ல இருந்துக்க" என்றார் சாரதாம்பாள். "நான் போர்டத் தொடற மாதிரி தொடறேன். 'இப்பப் பாருங்க'ன்னு சொன்னா அடுத்த படத்தப் போடு."

"மேடம், கிளாஸ்லயே ஓரமா உக்காந்து பண்றேனே."

"ஓரமா உக்காந்தா பண்றது யாருன்னு தெரிஞ்சுடும்."

கல்லூரி விரிவுரையாளருக்கு ஃபோன் போட்டாள். அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. அந்த மேடம் சர்டிஃபிகேட் குடுக்கலன்னா உனக்கு ஒரு வருஷம் போயிடும். நடுவுல வேற ஸ்கூல் மாத்தித் தர என்னால முடியாது."

வீட்டில் சொல்லலாம் என்றால், அத்தா அமானுல்லா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம பொண்ணு இப்ப கம்ப்யூட்டர்லதான் பாடம் எடுக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது? சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்து கை கழுவினாள்.

அதிகாரி வருகிற அன்று காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. சாரதாம்பாள் கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஃபர்சானாவின் ஃபோனை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "பாதியில அடிச்சுத் தொலைச்சா மாட்டிக்குவோம்."

அவள் சாமான் அறைக்குள் போனதும், அலுவலக உதவியாளர் முனிசாமி கதவை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு தயங்கினார். "வெளிய பூட்டு தொங்கினாத்தான் யாரும் தொறந்து பாக்கமாட்டாங்கன்னு மேடம் சொல்றாங்க மிஸ். முடிஞ்சதும் நானே வந்து தொறந்துடறேன். காத்து வருதா இன்னா?"

"வருது அண்ணா" என்றாள். வரவில்லை.

பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

பாடம் 'விசையும் அழுத்தமும்'. சுவருக்கு அந்தப் பக்கம் சாரதாம்பாளின் குரல் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. "இப்பப் பாருங்க" என்றதும் ஃபர்சானா படத்தை மாற்றினாள். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடும் என்று காட்டும் படம். அடியில் துளையிட்ட பாட்டிலிலிருந்து தண்ணீர் தூரமாகப் பீய்ச்சி அடித்தது. பிள்ளைகள் ஆவென்று சொன்னது கேட்டது. அந்தப் படத்தை உருவாக்க அவள் இரண்டு மாலைகள் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் முகம் எப்படி மலர்ந்தது என்று பார்க்க முடியாமல் மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வியர்வை துப்பட்டாவை நனைத்து முதுகில் ஒட்டியது.

நடுவில் சுவேதா என்ற பெண்ணின் குரல் எழுந்தது. "மிஸ், மொதல்ல காட்டின படத்த இன்னொரு தபா காட்டுங்க மிஸ்."

ஃபர்சானாவின் விரல் தானாகப் பின்னால் போய் அந்தப் படத்தைக் கொண்டுவந்தது. அப்புறம்தான் உறைத்தது. சாரதாம்பாள் "இப்பப் பாருங்க" என்று சொல்லவில்லை. அவர் போர்டுக்குப் பக்கத்தில்கூட இருந்திருக்கமாட்டார்.  அந்தப் பக்கம் சாரதாம்பாள் சட்டென்று சத்தமாகப் பேச ஆரம்பித்தார். பாடம் ஓடியது. கடைசியில் கைதட்டல். "அருமை மேடம். செங்கல்பட்டுல மத்த டீச்சருங்களுக்கு நீங்கதான் பயிற்சி குடுக்கப் போறீங்க" என்று ஒரு ஆண்குரல் சொன்னது. நாற்காலிகள் நகர்ந்தன. பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடினார்கள்.

ஃபர்சானா எழுந்து கதவருகே போய் நின்றாள். முனிசாமி வரவில்லை.

அதிகாரிக்குப் பிடிக்கும் என்று மீன் வறுவல் வாங்கிவர, தலைமையாசிரியர் முனிசாமியைக் கல்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார் என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. சாவி அவர் சட்டைப் பையில் போய்விட்டது.

கதவைத் தட்டினாள். முதலில் விரல் மூட்டால், பிறகு உள்ளங்கையால். மைதானத்தில் சத்துணவுத் தட்டுகளின் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் ஒன்றாகக் கலந்து வந்தன. நாக்கு வறண்டது. தண்ணீர் பாட்டில் ஆசிரியர் அறையில் இருந்தது. தகரத்தின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கீற்று. அதன் மேல் மூக்கை வைத்து மூச்சிழுத்தாள். துரு வாசனைதான் வந்தது. மீண்டும் தட்டினாள். கூப்பிட்டாள். தொண்டை கம்மியது.  இந்த அறையிலேயே மயங்கி விழுந்தால் எப்போது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிரே கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இதில் எழுதினால் போர்டில் தெரியும் என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துதான் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். எழுதினால் சாரதாம்பாளின் மானம் போகும். சர்டிஃபிகேட் போகும். எழுதாவிட்டால்?

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பெஞ்சில் உட்காரும் சத்தம் கேட்டது. சுவரைத் தட்டினாள், அந்தச் சத்தத்தில் அது எடுபடவில்லை.

வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து மவுஸால் எழுதினாள். தமிழ் அடிக்கும் வசதி அதில் இல்லை. எழுத்துகள் முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்துபோலக் கோணிக்கொண்டு போயின. 'பின்னால் ரூமில் இருக்கிறேன். கதவைத் திறங்கள். ஃபர்சானா மிஸ்.'

ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு, போர்டில் எழுத்து வந்தால் சத்தமாகப் படிக்கவேண்டும் என்று சாரதாம்பாள் பழக்கியிருந்த வகுப்பு மொத்தமும் சேர்ந்து ராகம் போட்டுப் படித்தது. "பின்னால் ரூமில் இருக்கிறேன்..." ஒருமுறை படித்து முடித்துவிட்டு, யாரும் நிறுத்தச் சொல்லாததால் இன்னொரு முறையும் படித்தார்கள்.

"டேய், நெசமாவே மிஸ்ஸு உள்ள கீறாங்கடா" என்று ஒரு குரல். காலடிகள் ஓடிவந்தன. கதவுக்கு வெளியே சுவேதாவின் குரல். "மிஸ், அப்பவே எனக்குத் தெரியும் மிஸ். பூட்டு போட்டுக்கீது மிஸ். இருங்க."

அந்தக் கூட்டுக்குரல் தலைமையாசிரியர் அறை வரை போயிருந்தது. சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு கலைவாணன் வந்தார். பின்னால் தலைமையாசிரியர், கடைசியில் சாரதாம்பாள். சாவி கல்பாக்கத்தில் இருந்தது. அதிகாரியின் டிரைவர் காரிலிருந்து வீல் ஸ்பானரைக் கொண்டுவந்து பூட்டை நெம்பி உடைத்தார்.

வெளிச்சத்தில் கண் கூசியது. ஃபர்சானா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். முழுதாகக் குடித்து முடிக்கும்வரை எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க யாரும்மா?" என்றார் கலைவாணன்.

"பி.எட். ட்ரெய்னி சார்."

"உள்ள என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

தலைமையாசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஃபர்சானா சாரதாம்பாளைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"போர்டு நான்தான் சார் போட்டேன். மேடம் பாடம் நடத்தினாங்க."

கலைவாணன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர், தகரம், உடைந்த பெஞ்சு. கையிலிருந்த ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபோட்டோவெல்லாம் மேல அனுப்பிட்டேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தலைமையாசிரியரிடம், "இந்த ரூமப் பூட்டாதீங்க. ஜன்னலப் பிரிங்க" என்றார். அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை. எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கார் போய்விட்டது.

வகுப்பு வாசலில் சாரதாம்பாள் நின்றிருந்தார். கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்துக் கொடுத்தார்.

"கதவத் தட்டியிருக்கலாமே" என்றார்.

"தட்டினேன் மேடம். ரொம்ப நேரம் தட்டினேன்."

 சாரதாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனார்.

செங்கல்பட்டுப் பயிற்சிக்கு அவர் பெயர்தான் வந்தது. மேலே போன ஃபோட்டோவை யாரும் திரும்பப் பெறவில்லை. "நீயும் வா" என்று ஒருநாள் கூப்பிட்டார். "வர்றேன் மேடம். உங்க பக்கத்துல நின்னு போடறேன். மறைஞ்சு உக்கார மாட்டேன்" என்றாள் ஃபர்சானா.  சாரதாம்பாள் தலையாட்டினார். பயிற்சியன்று உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டார். ஃபர்சானாவுக்குச் சர்டிஃபிகேட் கிடைத்தது. எதிர்பார்த்ததைவிட மார்க் குறைவு. ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனால் தன் கற்பித்தல் பயிற்சி முடியும்வரை எட்டாம் வகுப்பு அறிவியலை ஃபர்சானாதான் எடுத்தாள். முதல் நாள் அவள் போர்டுக்கு முன்னால் போய் நின்று விரலால் தொட்டபோது படம் மாறியது. திரும்பினால் பாதி வகுப்பு கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தது.

"மிஸ், மறைக்குது" என்றாள் சுவேதா.

இத்தனை நாள் பின்னாலேயே இருந்தவளுக்கு, முன்னால் நிற்கிறவர் மறைப்பார் என்பது தெரியாமல் போயிருந்தது. ஃபர்சானா ஓரமாக நகர்ந்து கையை நீட்டித் தொட்டாள். அப்போது வராந்தாவில் சாரதாம்பாள் போய்க்கொண்டிருந்தார். ஜன்னலருகே நடை தளர்ந்தது. அவர் போர்டைப் பார்க்கவில்லை, ஃபர்சானாவின் விரலைத்தான் பார்த்தார். உள்ளே வாங்க மேடம் என்று கூப்பிட வாய் வரை வந்தது. பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் கூப்பிட்டால் அவருக்கு என்னவாகும் என்று நினைத்து அடக்கிக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு போய்விட்டார்.